பேட்ச் அனுப்பும் முன்: ஓப்பன் சோர்ஸ் குறித்த வாசகர் கேள்விகள்

மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் இடம்தரும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாமல், அவற்றுக்கு நாமே நிரல் எழுதி, ‘பேட்ச்’ எனப்படும் திருத்தங்களாகக் கொடுப்பது எப்படி என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: நான் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சி, பைத்தான் இரண்டும் ஓரளவு தெரியும். ஓப்பன் சோர்ஸில் பங்களித்திருந்தால் வேலை தேடும்போது உதவும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. — கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். புகழ்பெற்ற திட்டமா, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு. ஒரு மென்பொருளை நெடுநாள் கையாண்டவருக்கு, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும், எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது நிரலைப் பார்ப்பதற்கு முன்பே தெரியும். அந்த அறிவு பட்டியலைப் பார்த்துத் திட்டம் தேடுபவருக்குக் கிடைக்காது.

தேர்ந்தெடுத்தபின் உடனே எதையும் திருத்த வேண்டாம். முதலில் அதன் உரிமத்தையும், பங்களிப்போருக்கான வழிகாட்டிக் கோப்பையும் முழுவதுமாகப் படியுங்கள். பிறகு மூல நிரலை இறக்கி, உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்து (இயங்கும் வடிவுக்கு மாற்றி), அதனுடன் வரும் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் ஒரு வரியையும் மாற்றாத நிலையில் சோதனைகள் தேறுகின்றனவா என்று தெரிந்தால்தான், பின்னால் ஏதாவது உடைந்தால் உடைத்தது நீங்களா என்று சொல்ல முடியும். பெரிய திட்டங்களில் இந்தக் கட்டத்தைக் கடக்கவே சில நாட்கள் ஆகலாம். அந்த நாட்கள் வீண் அல்ல: வழிமுறையில் குறிப்பிடாமல் விடப்பட்ட ஒரு நூலகம் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு), பழையதாகிப்போன ஒரு கட்டளை போன்றவை புதிதாக வருபவரின் கண்ணில்தான் படும். அவற்றைச் சரிசெய்து அனுப்புவதே பலருக்கு முதல் பங்களிப்பாக அமைந்திருக்கிறது.

அடுத்து, பிழைப்பட்டியலுக்கு வாருங்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள பல திட்டங்கள் புதியவர்களுக்கு ஏற்ற வேலைகளை ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று குறித்து வைக்கின்றன. லிப்ரே ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருள் திட்டம் அவற்றை ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று அழைக்கிறது. அவற்றில் உங்கள் கணினியில் மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடிகிற ஒரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் அதில் ஏற்கெனவே வேலை செய்கிறாரா என்று பார்த்துவிட்டு, நீங்கள் எடுத்துக்கொள்வதாக அங்கேயே ஒரு வரி எழுதுங்கள். அதன்பின் வரும் வேலைகளான ஃபோர்க் எடுப்பது (உங்கள் கணக்கில் ஒரு நகல்), தனிக் கிளை தொடங்குவது, கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து) புல் ரெக்வெஸ்ட் (அதைச் சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கை) அனுப்புவது ஆகியவற்றை எந்தக் கையேட்டிலும் காணலாம். ஒரே மாலையில் கைக்கு வந்துவிடும்.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் அக்டோபர் மாதந்தோறும் நடத்திவந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 4 புல் ரெக்வெஸ்ட் அனுப்புவோருக்கு டி-சர்ட் தருவதாக அறிவித்திருந்தார்கள். 2020இல் அதற்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்புகளில் ஒரு சொல்லைச் சேர்த்தும், ஒரு காற்புள்ளியை நகர்த்தியும் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் குவிந்தன. அவற்றை மூடுவதிலேயே, வரும் மாற்றங்களை ஏற்பதா என்று முடிவெடுக்கும் பராமரிப்பாளர்களின் நாட்கள் கழிந்ததால், விருப்பம் தெரிவிக்கும் திட்டங்கள் மட்டுமே இனி கணக்கில் வரும் என்று அந்த மாதத்திலேயே விதி மாற்றப்பட்டது. எண்ணிக்கைக்காக அனுப்பப்படும் திருத்தம் எப்படி இருக்கும் என்பது நேர்காணல் செய்பவருக்கும் தெரியும். ஒரே திட்டத்தில் ஓராண்டு நின்று, ஐந்து பிழைகளை ஆழமாகத் தீர்த்து, அவற்றைப் பற்றி அரை மணி நேரம் பேச முடிகிறவராக இருங்கள்.

கேள்வி: நான் பயன்படுத்தும் ஒரு நூலகத்தில் சில குறைகளைக் கண்டு, இரண்டு வாரம் உழைத்து, ஏறத்தாழ 900 வரி மாற்றங்களுடன் ஒரு புல் ரெக்வெஸ்ட் அனுப்பினேன். இரண்டு மாதமாகப் பதிலே இல்லை. பிறகு ஒரு நாள் விளக்கம் ஏதுமின்றி மூடிவிட்டார்கள். இப்படி நடத்தினால் யார் பங்களிக்க வருவார்கள்? — மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. விளக்கம் சொல்லாமல் மூடியது சரியில்லை. ஆனால் அந்த 900 வரிகளை மறுமுனையில் இருந்தவர் எப்படிப் பார்த்திருப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நிரலை அனுப்பியதும் உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. அதை ஏற்றுக்கொள்ளும் நொடியில் அவருடைய வேலை தொடங்குகிறது. மூன்று ஆண்டு கழித்து அந்த வரிகளில் ஒரு பிழை வெளிப்பட்டால், அப்போது நீங்கள் வேறு நிறுவனத்தில், வேறு ஊரில் இருப்பீர்கள். அவர்தான் அதைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்தாக வேண்டும். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு என்பது இலவசமாக ஒன்றைக் கொடுப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். வாங்குபவருக்கோ அது காலம் முழுவதும் சுமக்க வேண்டிய பொறுப்பு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், திட்டங்கள் விதிக்கும் நிபந்தனைகள் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

பராமரிப்பாளர்களின் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்-இசட் என்ற, தரவுகளைச் சுருக்கும் நூலகம் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. அதை நெடுங்காலம் ஒரே ஒருவர், சம்பளமின்றி, களைப்புடன் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயனுள்ள பேட்ச்களை அனுப்பி, நம்பிக்கையைச் சம்பாதித்து, இணைப் பராமரிப்பாளராகவும் ஆகி, இறுதியில் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் வெளியாள் ரகசியமாக நுழைய வழிசெய்யும் ஒரு பின்வாசலை மறைத்து வைத்தார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தொலைவிலிருந்து கணினியை அணுக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததால், 2024 மார்ச் மாதத்தில் அது அகப்பட்டது. முன்பின் தெரியாதவரிடமிருந்து பெரியதொரு மாற்றம் வரும்போது எந்தப் பராமரிப்பாளருக்கும் இது நினைவுக்கு வராமல் இருக்காது.

எனவே அந்த 900 வரிகளைப் பிரியுங்கள். எத்தனை குறைகளைச் சரிசெய்தீர்களோ அத்தனை கமிட்டுகளாக ஆக்குங்கள். ஒவ்வொன்றும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும், தனியாகச் சோதனையில் தேற வேண்டும். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் ‘பைசெக்ட்’ என்றொரு வசதி இருக்கிறது. 1,000 கமிட்டுகளுக்குள் எங்கோ ஒரு பிழை நுழைந்திருந்தால், பாதிப் பாதியாகப் பகுத்துச் சுமார் 10 சோதனைகளில் குற்றவாளிக் கமிட்டை அது காட்டிக்கொடுக்கும். இடையில் கம்பைல் ஆகாத ஒரு கமிட் இருந்தால் அந்தத் தேடல் அங்கே தட்டுத்தடுமாறும். குற்றவாளி 900 வரி நீளமாக இருந்தாலோ, கண்டுபிடித்தும் பயனில்லை. பிரித்தவற்றில் மிகச் சிறியதும், யாரும் மறுக்க முடியாததுமான ஒன்றை, அதற்குரிய சோதனையுடன் முதலில் அனுப்புங்கள். அது ஏற்கப்பட்ட பிறகு மற்றவற்றைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள்.

கேள்வி: லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு பேட்சாவது அனுப்ப வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அங்கே புல் ரெக்வெஸ்ட் கிடையாது, எல்லாம் மின்னஞ்சலில்தான் என்கிறார்கள். முறையை விளக்க முடியுமா? — எம்பெடெட் துறைப் பணியாளர், ஓசூர்

பதில்: நீங்கள் கேட்டது உண்மைதான். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய, இயங்குதளத்தின் மையப்பகுதியான இந்தக் கெர்னல் திட்டம், இன்றும் பேட்ச்களை எளிய உரை மின்னஞ்சலாகவே பெற்று, அந்த மின்னஞ்சலின் வரிகளுக்கு இடையிலேயே விவாதித்து, திருத்தி, ஏற்றுக்கொள்கிறது. கிட் என்ற கருவியே 2005இல் கெர்னல் வேலைக்காக டோர்வால்ட்ஸ் எழுதியதுதான்; அதனால் மின்னஞ்சலுக்கு வேண்டிய கட்டளைகள் அதற்குள்ளேயே இருக்கின்றன.

தொடங்குவதற்கு நல்ல இடம், ‘டிரைவர்ஸ்’ அடைவுக்குள் இருக்கும் ‘ஸ்டேஜிங்’ பகுதி. கெர்னலின் தரத்தை இன்னும் எட்டாத டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் நிரல்களை) அங்கே வைத்திருக்கிறார்கள். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலும் பெரும்பாலும் உடனிருக்கும். நிரலின் எழுத்துநடைத் திருத்தங்களை அங்கே வரவேற்பார்கள். வேறு பகுதிகளில் வெறும் இடைவெளித் திருத்தங்களை அனுப்பினால் பொதுவாக வரவேற்பு இராது. ஆனால் நீங்கள் சாதனங்களுக்குள் பொதியும் கணினிகளைக் கையாளும் எம்பெடெட் துறையில் இருப்பவர்; உங்கள் மேசையில் இருக்கும் போர்டில் ஏதாவது ஒரு சென்சாரோ மின்சுற்றோ சரியாக இயங்காமல் இருந்தால், அதிலிருந்தே தொடங்குங்கள். அந்த வன்பொருள் கையில் இருப்பதே பெரிய தகுதி, ஏனென்றால் பராமரிப்பாளரிடம் அது இல்லாமலும் இருக்கலாம்.

திருத்தத்தை எழுதி, கம்பைல் செய்து, வன்பொருளில் ஓட்டிப் பார்த்த பிறகு கமிட் செய்தி எழுதுவதற்கு வாருங்கள். திருத்தத்தைப் போலவே இதற்கும் நேரம் ஒதுக்குங்கள். தலைப்பு வரியில் கெர்னலின் எந்தப் பகுதி என்று குறிப்பிட்டு, முக்காற்புள்ளி இட்டு, ஏறத்தாழ 70 எழுத்துகளுக்குள் மாற்றத்தைச் சொல்லுங்கள். அதன் கீழ், பிழை என்ன, பயனர் அதை எப்படி உணர்கிறார், அது ஏன் நேர்கிறது, இந்தத் தீர்வு ஏன் சரியானது என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். நிரல் என்ன செய்கிறது என்பதை நிரலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதற்கு இந்தச் செய்தியைத் தவிர வேறு சாட்சி இருக்காது. பழைய கமிட் ஒன்றால் வந்த பிழை என்றால், ‘ஃபிக்சஸ்’ என்ற வரியில் அதன் அடையாள எண்ணின் முதல் 12 இலக்கங்களையும் தலைப்பையும் தர வேண்டும். நிலைப்பதிப்புகளை (பிழைத்திருத்தங்கள் மட்டும் பெறும், ஏற்கெனவே வெளியான பதிப்புகளை) பராமரிப்பவர்களுக்கு, எந்தெந்தப் பதிப்புகளில் இந்தத் திருத்தம் தேவை என்று தீர்மானிக்க அது பெரிதும் உதவுகிறது.

கடைசியில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்ற வரியில் உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும். இது சடங்கு அல்ல. எஸ்சிஓ நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது தொடுத்த வழக்கில், லினக்ஸில் இருக்கும் நிரல் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. அதைத் தொடர்ந்து 2004இல் இந்த முறை வந்தது. இந்த நிரலை இந்த உரிமத்தில் அளிக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் அளிக்கும் சான்று அது. பெயரில்லாமல் அனுப்பப்படுபவற்றை ஏற்கமாட்டார்கள். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் பின்னால், மின்னஞ்சலில் இரண்டும் இல்லாமல் என்று நமக்குப் பெயர் பலவிதமாக இருக்கும். ஏதாவது ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, கிட்டில் அதையே பதிந்துவைத்து, மாற்றாமல் தொடருங்கள். இல்லையென்றால் திட்டத்தின் கமிட் வரலாற்றில் நீங்கள் இரண்டு மூன்று பேராகப் பதிவாகிவிடுவீர்கள்.

அனுப்புவதற்கு முன் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அடைவில் இருக்கும் ‘செக்பேட்ச்’ கருவியை ஓட்டுங்கள். 8 எழுத்து அகலமுள்ள டேப் இடாதது முதல் பல நடைப்பிழைகளை அது சொல்லிவிடும். யாருக்கு அனுப்புவது என்பதைக் ‘கெட் மெயின்டெய்னர்’ கருவி சொல்லும். பிறகு ‘கிட் ஃபார்மேட்-பேட்ச்’, ‘கிட் சென்ட்-இமெயில்’ என்ற இரண்டு கட்டளைகள் போதும். பேட்சை இணைப்பாகவும் அனுப்பக் கூடாது, உலாவியில் ஒட்டியும் அனுப்பக் கூடாது. உலாவி வழி மின்னஞ்சல் டேப்களை இடைவெளிகளாக மாற்றி வரிகளை உடைத்துவிடும். முதலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி, அது பழுதில்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். என் முதல் பேட்ச் இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் பயனற்றுத் திரும்பியது.

கெர்னலின் ஒரு பதிப்பு வெளியானதும் ஏறத்தாழ இரண்டு வாரம் புதிய வசதிகளைச் சேர்ப்பதற்கான காலம். அப்போது பராமரிப்பாளர்கள் மூச்சுவிட நேரமின்றி இருப்பார்கள். அதன்பின் வாரந்தோறும் சோதனைப் பதிப்புகள் வந்து, 9 அல்லது 10 வாரத்தில் அடுத்த பதிப்பு வரும். பதில் வரவில்லையென்றால் குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்திருந்து நினைவூட்டுங்கள். குறை சொல்லிப் பதில் வந்தால், ஒவ்வொரு குறைக்கும் அந்தந்த வரியின் கீழேயே மறுமொழி எழுதிவிட்டு, பேட்சின் இரண்டாம் பதிப்பை அனுப்புங்கள். முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை கமிட் செய்தியை அடுத்து வரும் மூன்று சிறுகோடுகளுக்குக் கீழே எழுத வேண்டும். அந்தப் பகுதி மதிப்பாய்வு செய்பவருக்கு மட்டும் தெரியும், வரலாற்றில் சேராது. ஐந்தாம், ஆறாம் பதிப்பு வரை போவது அங்கே இயல்பானது, அதை அவமானமாக யாரும் கருதுவதில்லை.

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் என் சொந்த மடிக்கணினியில் எழுதும் நிரலை ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்குக் கொடுக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து, அறிவுசார் சொத்துரிமை பற்றிய பத்தியைப் படியுங்கள். பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லாமே, எந்த நேரத்தில், எந்தக் கணினியில் எழுதியதாக இருந்தாலும், நிறுவனத்துக்கே உரியது என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படி இருக்கும்போது, முந்தைய பதிலில் சொன்ன, எனக்கு உரிமை உண்டு என்று சான்றளிக்கும் வரியை நீங்கள் மனச்சாட்சியுடன் எழுத முடியாது. மேலாளர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னது போதாது. திட்டத்தின் பெயரையும் அதன் உரிமத்தையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் அனுமதி கேட்டு, பதிலைச் சொந்த முகவரியிலும் சேமித்துக்கொள்ளுங்கள். அலுவலக நிரலின் ஒரு துண்டைக்கூடப் பங்களிப்பில் கலக்காதீர்கள். சில திட்டங்கள் இதற்கும் மேலாகப் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பம் கேட்கும். பைத்தான் அப்படிக் கேட்கும் திட்டங்களில் ஒன்று. லிப்ரே ஆஃபீஸ், உங்கள் பங்களிப்புகள் எந்த உரிமங்களின்கீழ் வருகின்றன என்று ஒரு முறை எழுதித் தரச் சொல்லும். சட்டச் சிக்கல் இருப்பதாகத் தோன்றினால் வழக்கறிஞரைக் கேளுங்கள். என் பதிலை அவருடைய ஆலோசனைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு நிரல் எழுதி அனுப்பலாமா? — மாணவி, சேலம்

பதில்: திட்டத்துக்குத் திட்டம் விதி மாறுகிறது, எனவே முதலில் அதைப் படியுங்கள். 2024 ஏப்ரலில் ஜென்டூ என்ற லினக்ஸ் தொகுப்பு இத்தகைய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. அதே ஆண்டில் நெட்-பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டமும், அப்படி உருவாக்கிய நிரலை உரிமைக் குழப்பம் உள்ளதாகவே கருதுவோம் என்று விதி வகுத்தது. தடை இல்லாத திட்டமாக இருந்தாலும், நீங்கள் விளக்க முடியாத ஒரு வரியை அனுப்புவது தவறு என்பதே என் உறுதியான கருத்து. இந்த நிபந்தனை ஏன், இந்தப் பூட்டு (லாக்) எதற்கு என்று மதிப்பாய்வு செய்பவர் கேட்கும்போது, அந்தக் கேள்வியை மீண்டும் கருவியிடமே கொடுத்து வரும் பதிலை ஒட்டுபவர், தான் செய்ய வேண்டிய வேலையைச் சம்பளமில்லாத ஒருவர் மேல் சுமத்துகிறார். அறிமுகமில்லாத நிரலைப் புரிந்துகொள்ளக் கருவியைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியிருந்தால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நான் தமிழ் ஆசிரியை. சிறிது பைத்தான் மட்டும் கற்றிருக்கிறேன். என்னைப் போன்றவர்களால் இந்தத் திட்டங்களுக்கு ஏதாவது செய்ய இயலுமா? — வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: பெரிய நிரலாளர்களால் செய்ய முடியாத ஒரு வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று உங்கள் மாணவர்களைக் கேட்டால் 3 என்பார்கள். பைத்தானைக் கேட்டால் 5 என்று சொல்லும். ஏனென்றால் உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் மகரமெய்யோடு சேரும் இகரக்குறியும், ழகரத்தின் மேலுள்ள புள்ளியும் தனித்தனிக் குறியெண்களாகவே எண்ணப்படுகின்றன. கோப்பில் சேமித்தால், வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட் ஆகிறது. இந்த மூன்று எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறந்து எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். தலைப்பை 10 எழுத்தில் வெட்டும் நிரல், மெய்யை ஒரு பக்கமும் புள்ளியை மறுபக்கமும் விட்டுவிடுகிறது. சொல்லைத் திருப்பிப் போடும் நிரல், உயிர்க்குறியை வேறொரு எழுத்தின் மேல் ஏற்றிவிடுகிறது.

தேடலில் இன்னும் நுட்பமான சிக்கல்கள் உள்ளன. ‘கொடி’ என்ற சொல்லின் ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் தட்டச்சு செய்யலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் செய்யலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இயல்பாக்கம் என்ற யூனிகோட் நடைமுறையைச் செய்யாத நிரல், ஒன்றைத் தேடும்போது மற்றதைக் காணாமல் விடும். ‘ஸ்ரீ’ இதைவிடச் சிக்கலானது. ஶகரம் 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் எழுதிய உரைகளில் ஸகரத்தையும், பின்னர் பரிந்துரைக்கப்பட்ட வரிசையில் ஶகரத்தையும் கொண்டு அந்த எழுத்து உருவாகிறது. இயல்பாக்கத்தால் இவை இரண்டும் ஒன்றாவதில்லை.

இப்படிப்பட்ட ஒரு பிழையைக் கண்டால் முதலில் தெளிவான பிழையறிக்கையாக எழுதுங்கள். படம் மட்டும் போதாது. உரையையே ஒட்டி, அதன் குறியெண்களை வரிசையாகக் கொடுத்து, எழுத்துரு, மென்பொருள், இயங்குதளம் ஆகியவற்றின் பதிப்புகளைக் குறிப்பிட்டு, என்ன தெரிகிறது, என்ன தெரிய வேண்டும் என்று இரண்டையும் எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளருக்குத் தவறான வடிவமும் சரியான வடிவமும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எழுத்துகள் தவறாகக் கோக்கப்படுவதுதான் பிழை என்றால், அதைப் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற திட்டத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆஃபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை எழுத்துகளைக் கோப்பதற்கு அதைத்தான் பயன்படுத்துகின்றன.

அடுத்த கட்டமாக, நீங்கள் கற்ற பைத்தானே போதும். பைத்தானில் எழுதப்பட்ட ஏதாவது ஒரு உரை நூலகத்தை எடுத்து, அதன் சோதனைக் கோப்பைத் திறந்து, ஆங்கிலச் சொற்களுக்கு எழுதியிருக்கும் சோதனைகளைப் பாருங்கள். அவற்றின் அருகே ‘தமிழ்’, ‘கொடி’, ‘ஸ்ரீ’ ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு சோதனை எழுதுங்கள். ஒவ்வொன்றும் நான்கைந்து வரிதான் வரும். தேறாமல் போகும் சோதனையை, ஏன் தேற வேண்டும் என்ற விளக்கத்துடன் பிழைப்பட்டியலில் பதிந்துவிட்டு, தேறும் சோதனைகளை மட்டும் முதல் புல் ரெக்வெஸ்டாக அனுப்புங்கள். அவற்றைச் சேர்த்துக்கொண்ட பிறகு, நூலகத்தை மாற்றும் எவரும் தமிழை உடைத்தால் அந்தச் சோதனை உடனே அவரைத் தடுத்து நிறுத்தும்.